மழை லீவில் எந்த சூப்பர்ஹீரோ? டீன் டைட்டன்ஸ் கோ, பழைய டீன் டைட்டன்ஸ், பவர்பஃப் கேர்ள்ஸ்: ஓர் ஒப்பீடு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கடலூரில் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பார்கள், பெற்றோர் கலெக்டர் அறிவிப்பைப் பார்ப்பார்கள். லீவு என்று தெரிந்த மறு நிமிடம் வீட்டில் அடுத்த கேள்வி வந்துவிடும்: நாள் முழுக்க டிவியில் எதைப் போடுவது?

நான் திருப்பாப்புலியூரில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாவது முதல் எட்டாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். சாயங்காலம் கூட்டிப் போக வரும் அம்மாக்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பார்கள்: "மிஸ், அந்த அஞ்சு பேர் வர்ற கார்ட்டூன் பார்க்க விடலாமா? ஒரே கத்தலா இருக்கு. பழசு ஒண்ணு இருக்காமே, அதுதான் நல்லதாமே?" போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாசலில் நின்று சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றையும் நான் பிள்ளைகளோடு பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராபின், ஸ்டார்ஃபயர், சைபோர்க், ரேவன், பீஸ்ட் பாய் என்ற அந்த ஐந்து பேருக்கும் இரண்டு கார்ட்டூன்கள் இருக்கின்றன. டீன் டைட்டன்ஸ் என்ற குழு டிசி காமிக்ஸில் 1964-இல் தொடங்கியது. ஸ்டார்ஃபயர், சைபோர்க், ரேவன் மூவரும் 1980-இல்தான் வந்து சேர்ந்தார்கள். 2003 முதல் 2006 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது பழைய டீன் டைட்டன்ஸ். 2013-இல் தொடங்கியது டீன் டைட்டன்ஸ் கோ. ஆட்கள் அதே ஆட்கள், ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர்களும் அதே ஐவர்தான். ஆனால் பழையது ஒரு சாகசக் கதை. புதியது, அந்த ஐவரும் ஒரே வீட்டில் குடியிருந்து பாத்திரம் கழுவுவது யார் என்று அடித்துக்கொள்ளும் கதை.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

"நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. நான் பார்ப்பது நான்கைந்து விஷயங்கள்.

பிள்ளையின் வயது முதலாவது. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் எந்தக் கார்ட்டூன் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பதே பெரிய விஷயம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது.

அடுத்தது, நிறுத்துகிற இடம். எங்கள் ஊரில் மழை நேரத்துக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதிக் கதையில் போனால் பிள்ளை ஏங்கிப்போகுமா, இல்லை "சரி, போகட்டும்" என்று எழுந்துவிடுமா? கரண்ட் இருக்கும் நாளிலும் சாப்பிடக் கூப்பிட்டால் வர வேண்டுமே.

மூன்றாவது, பிள்ளை எதைக் காப்பியடிக்கும் என்பது. வசனம், நடை, கோபப்படும் விதம் எல்லாமே ஒட்டிக்கொள்ளும். நான்காவது, கூட உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டா என்பது. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரே கார்ட்டூன் தனியாகப் பார்க்கும் பிள்ளைக்கு ஒன்றாகவும், பாட்டி பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வேறாகவும் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைசியாக மொழியும் செலவும்.

## டீன் டைட்டன்ஸ் கோ

ஒரு கதை ஏறக்குறைய 11 நிமிடம். பெரும்பாலும் முந்தைய கதைக்கும் இதற்கும் தொடர்பு இருக்காது. எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேவனுக்குத் தனக்குப் பிடித்த குதிரைக்குட்டி கார்ட்டூனை நிம்மதியாகத் தனியாகப் பார்க்க வேண்டும். சொன்னால் மற்றவர்கள் கேலி செய்வார்கள். அதனால் அபூர்வமான ஒரு சாண்ட்விச்சுக்குப் பொருள் சேர்க்கச் சொல்லி நால்வரையும் ஊர் ஊராக அனுப்பிவிடுகிறாள். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு நடுவே ஒரே ரிமோட் உள்ள வீட்டில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கதை புரியும். இன்னொன்றில் ராபின் கார் ஓட்டப் பழகப் போகிறான். சொல்லிக் கொடுக்க வந்தவனோ பாங்க் கொள்ளைக்காரன். கொள்ளையடித்துவிட்டுத் தப்பிக்க இவனையே டிரைவராக்கிவிடுகிறான். பேட்மேனிடம் பயிற்சி எடுத்த குழுத் தலைவன், லைசென்ஸ் விஷயத்தில் நம் வீட்டு அண்ணன் மாதிரி திண்டாடுகிறான்.

இந்தக் கார்ட்டூனை வெறும் அசட்டுத்தனம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூப்பர்ஹீரோ கதைகளில் உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு உலகத்தைப் பற்றிக் கவலை கிடையாது. தன்னை ஏன் விளையாட்டுக்குச் சேர்க்கவில்லை, கடைசித் துண்டு கேக்கை யார் எடுத்தது, லீடர் ஏன் எப்போதும் அதட்டுகிறான் என்பதுதான் அதன் கவலை. இந்த ஐவரின் சண்டைகள் எல்லாம் அந்த அளவில்தான் இருக்கின்றன. என்னிடம் படிக்கும் ஒரு வகுப்பு லீடர் பெண், ராபின் கத்துவதைப் பார்த்துவிட்டு, "மிஸ், நானும் இப்படித்தான் கத்துறேனா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கும்.

பெரியவர்களுக்கும் சில கதைகளில் விஷயம் உண்டு. சொத்து வாங்கி வாடகைக்கு விட்டு மதிப்பை ஏற்றுவது எப்படி என்று ராபின் பாடம் நடத்தும் எபிசோட் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் மனை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு அப்பா அதைப் பிள்ளையோடு முழுசாக உட்கார்ந்து பார்த்தார்.

இனி மறைந்திருக்கும் செலவு. பெரியது, "இன்னும் ஒண்ணே ஒண்ணு." பதினொரு நிமிடம்தானே என்று விட்டால் ஆறு கதை போய் ஒரு மணி நேரம் தாண்டிவிடும். மொத்தம் முந்நூறுக்கும் மேல் இருப்பதால் தீர்ந்துபோகும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். செயலியில் பார்த்தால், அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, காப்பியடிப்பது. சைபோர்க்கும் பீஸ்ட் பாயும் 'வாஃபிள்' என்ற ஒரே சொல்லை மட்டும் யார் நெடுநேரம் சொல்லுவது என்று போட்டி போடும் கதை ஒன்று உண்டு. அதைப் பார்த்துவிட்டு மூன்றாவதும் ஐந்தாவதும் படிக்கும் அண்ணன் தம்பி டியூஷனுக்கு வந்தார்கள். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டேன். "இட்லி." பெரியவனைக் கேட்டேன். "இட்லி, இட்லி." நோட்டை எடு என்றால் இட்லி, தண்ணீர் வேண்டுமா என்றால் இட்லி. எட்டு மணிக்கு அவர்கள் அம்மா வரும்வரை நடந்தது. அன்றைக்கு அந்த அறையில் இருந்த எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் மறுநாள் வகுப்பிலும் அதே பதிலைச் சொல்லி ஆசிரியையிடம் திட்டு வாங்கினார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையாகவே உறுத்துகிறது. இந்தக் கதைகளில் ஒருவரை ஒருவர் படுத்துகிற பாட்டுக்குப் பெரும்பாலும் மன்னிப்புக் கிடையாது. அடுத்த கதையில் எல்லாம் மறந்துபோயிருக்கும். பெரிய பிள்ளைக்கு அது நகைச்சுவை என்று தெரியும். ஆறு வயதுப் பிள்ளைக்கு, நண்பனை அழவைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று பதிந்துவிடலாம். பின்புறம், கழிப்பறை பற்றிய கேலிகளும் வரும். அமெரிக்காவில் இதற்கு டிவி-பிஜி என்று தரம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது பெரியவர் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் இதைத் தனியாகப் பார்க்க விட வேண்டாம் என்பது என் முடிவு.

## பழைய டீன் டைட்டன்ஸ்

ஒரு எபிசோட் ஏறக்குறைய 22 நிமிடம். ஐந்து சீசன், மொத்தம் 65. இந்த எண் எனக்குப் பிடித்த எண், ஏனென்றால் இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஐப்பசி முதல் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்று என்று வைத்தால் மார்கழி முதல் வாரத்தில் முடிந்துவிடும்.

இதிலும் சிரிப்பு இருக்கிறது. விலங்காக மாறத் தெரிந்த பீஸ்ட் பாய் இறைச்சி தொட மாட்டான், சைபோர்க்குக்கு இறைச்சி இல்லாமல் முடியாது. சமையலறையில் இருவரும் மோதிக்கொள்வதைப் பார்த்தால், புரட்டாசியில் ஒருவர் விரதமும் ஒருவர் மீன் குழம்பு ஏக்கமுமாக இருக்கும் நம் வீடுகள் நினைவுக்கு வரும். ஆனால் இதன் பலம் வேறு இடத்தில். பாதி உடம்பு இயந்திரமாகிப் போன சைபோர்க்கின் வருத்தம், தன் அப்பாவே தீயவன் என்று தெரிந்த ரேவனின் பயம், எதிரியைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியில் சொந்த நண்பர்களிடமே வேஷம் போட்டு ஏமாற்றும் ராபின். தப்பு செய்தால் அதற்கு விலை உண்டு, அந்த விலை அடுத்த எபிசோடிலும் தொடரும்.

இரண்டாவது சீசனில் டெரா என்ற பெண் குழுவில் சேருகிறாள், பிறகு துரோகம் செய்கிறாள். அவள் கதை முடியும் இடம் கனமானது. அதைப் பார்த்த ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாள் கணக்குப் போடாமல் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தான். கேட்டதற்கு, "மிஸ், அவ நல்லவளா கெட்டவளா?" என்றான். அன்று பின்னங்களை மூட்டை கட்டிவிட்டு அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். அவன் கேட்ட கேள்விக்காகவே இந்தத் தொடரை நான் மதிக்கிறேன்.

செலவும் அதே இடத்தில்தான். பாதியில் நிறுத்த முடியாது. கரண்ட் போனால் வீடே சோகத்தில் இருக்கும். நடுவில் நான்கு எபிசோட் விட்டுப்போனால் கதை பிடிபடாது, அதனால் டிவியில் எப்போதோ போடுவதை நம்பிப் பார்க்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது. சிறு பிள்ளைகளுக்குச் சில காட்சிகள் இருட்டாக, பயமாக இருக்கும். பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாகப் போடலாம். ஒன்பது வயது, கூட அப்பாவோ சித்தியோ உட்காருகிறார் என்றால் அதுவும் சரி.

(இதே போல இளம் ஹீரோக்கள் வரும் யங் ஜஸ்டிஸ் என்ற 2010-ஆம் ஆண்டுத் தொடரையும் ஒருவர் கேட்டார். அது உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு. சின்னவர்களுக்கு வேண்டாம்.)

## பவர்பஃப் கேர்ள்ஸ்

அம்மாக்களில் பாதிப்பேர் சிறுவயதில் பார்த்ததுதான். 1998-இல் தொடங்கியது. சர்க்கரை, மசாலா, இனியவை எல்லாம் கலந்த பாத்திரத்தில் கெமிக்கல் எக்ஸ் கொட்டிப்போய்ப் பிறந்த மூன்று சிறுமிகள்: பிளாசம், பபிள்ஸ், பட்டர்கப். மழலையர் பள்ளிக்குப் போவார்கள், நடுவில் ஊரைக் காப்பாற்றுவார்கள், ராத்திரி நேரத்துக்குத் தூங்கப் போவார்கள்.

வீட்டுக் குறும்பும் சூப்பர்ஹீரோவும் ஒன்றாக வேண்டும், பிள்ளைக்கு ஆறேழு வயதுதான் என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். விழுந்த பல்லுக்குப் பல் தேவதை காசு தருகிறது என்று தெரிந்ததும் பட்டர்கப் வில்லன்களின் பல்லை உடைத்துக் காசு சேர்க்கக் கிளம்பும் கதை ஒன்று. அவள் பேராசைக்குத் தண்டனை அதே கதைக்குள் வந்துவிடும். இன்னொன்றில் புரோக்கோலி உருவத்தில் வேற்றுக்கிரகக்காரர்கள் படையெடுத்து வருகிறார்கள். காய்கறி பிடிக்காத பிள்ளைகள் அவர்களைத் தின்றுதான் ஊரைக் காப்பாற்ற வேண்டும். அதைப் பார்த்த வாரம், என் தங்கை மகள் பீர்க்கங்காய்க் கூட்டை எதிரி என்று சொல்லிச் சாப்பிட்டாள். ஒரு வாரம்தான், ஆனால் சாப்பிட்டாள்.

குறை என்றால் அடிதடி. படம் பார்க்க மெத்தென்று இருந்தாலும் குத்துகள் பலமாகவே விழும். பத்து வயது ஆண்பிள்ளைகள் சிலர் "பொண்ணுங்க கார்ட்டூன்" என்று முகம் திருப்புவார்கள். அவர்களை முதல் கதைக்கு மட்டும் உட்கார வையுங்கள். 2016-இல் புதிதாக எடுத்த ஒன்றும் உண்டு. நான் சொல்வது பழையதை, தேடும்போது வருடத்தைப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | டீன் டைட்டன்ஸ் கோ | பழைய டீன் டைட்டன்ஸ் | பவர்பஃப் கேர்ள்ஸ் |
|---|---|---|---|
| தொடங்கிய ஆண்டு | 2013 | 2003 | 1998 |
| ஒரு கதை | சுமார் 11 நிமிடம் | சுமார் 22 நிமிடம் | பெரும்பாலும் 11 நிமிடம் |
| நான் சொல்லும் வயது | 8-க்கு மேல் | 10-க்கு மேல் | 6-க்கு மேல் |
| பாதியில் நிறுத்த | எளிது | கஷ்டம் | எளிது |
| வரிசையாகப் பார்க்க வேண்டுமா | வேண்டாம் | கட்டாயம் | வேண்டாம் |
| தப்புக்கு விலை உண்டா | அபூர்வம் | உண்டு, தொடரும் | உண்டு, அதே கதையில் |
| பெரியவர் கூட இருக்க | முதல் சில கதைகளுக்கு | கனமான இடங்களுக்கு | தேவையில்லை |

## மொழியும் காசும்

கார்ட்டூன் நெட்வொர்க் சானலில் தமிழ் ஒலி உண்டு. ரிமோட்டில் மொழி மாற்றினால் வரும். செயலிகளில் தொடருக்குத் தொடர் மாறும், பணம் கட்டும் முன் எந்த மொழி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். டீன் டைட்டன்ஸ் கோ முழுக்கப் பேச்சால் நகரும் நகைச்சுவை. ஆங்கிலம் சரளமாக இல்லாத பிள்ளை அதை ஆங்கிலத்தில் பார்த்தால் கத்தல் மட்டுமே மிஞ்சும், அந்த அம்மா சொன்ன புகாரும் அதுதான். அந்தப் பிள்ளைக்குத் தமிழில் போடுங்கள். பவர்பஃப் கேர்ள்ஸ் ஆங்கிலத்திலும் படத்தைப் பார்த்தே முக்கால்வாசி புரிந்துவிடும்.

மொபைலில் பார்த்தால் சாதாரணத் தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகலாம். மழை நாளில் வீட்டு வைஃபை செத்துப்போனால் அன்றைய டேட்டா மத்தியானத்துக்குள் காலி. பிறகு அவசரத்துக்கு யாருக்கும் ஒரு வீடியோ கால்கூடப் பேச முடியாது. வெள்ள எச்சரிக்கை இருக்கும் நாளில் மொபைலைக் கார்ட்டூனுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சார்ஜ் முக்கியம்.

## எந்த வீட்டுக்கு எது

ஐந்தாவதும் ஒன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே டிவி முன்னால் என்றால் பவர்பஃப் கேர்ள்ஸ். பெரியது கொஞ்சம் முனகும், சின்னது பயப்படாது.

எட்டிலிருந்து பத்து வயது, அண்ணன் தங்கை சண்டை ஓயாத வீடு, சமையலறையிலிருந்தே ஒரு காது கொடுக்க ஆள் உண்டு என்றால் டீன் டைட்டன்ஸ் கோ. நாளுக்கு மூன்று கதை. மூன்று முடிந்ததும் "இதுல யார் யாருகிட்ட சாரி கேட்டிருக்கணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெயர் சொல்லிச் சண்டை போடுவார்கள், அதுவே போதும்.

அமைதியான, நிறைய யோசிக்கிற பிள்ளை, பத்து வயது தாண்டியாயிற்று என்றால் பழைய டீன் டைட்டன்ஸ், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் பழையதை முடித்துவிட்டுப் புதியதற்கு வாருங்கள், புதியது பழையதைக் கேலி செய்யும் இடங்கள் அப்போதுதான் புரியும். இரண்டு குழுவும் நேரில் மோதும் படம் ஒன்று 2019-இல் வந்தது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகும் அம்மா அப்பா, பிள்ளை தாத்தாவோடு தனியாக, தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்ற வீடும் என் டியூஷனில் உண்டு. அங்கே டீன் டைட்டன்ஸ் கோ வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

## கரண்ட் இல்லாத நாளுக்கு

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது இந்த ஒப்பீடு எதற்கும் வேலை இருக்கவில்லை. டிவியும் இல்லை, மொபைலும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோடு போடாத நோட்டைக் கொடுத்து, உங்கள் குழுவை நீங்களே வரையுங்கள் என்றேன்.

நோட்டில் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் கெடிலம் ஆற்றுத் தண்ணீரைத் தூக்கி வேறு ஊரில் வைத்துவிடுவான். ஒருத்தி சில்வர் பீச் மணலில் மறைந்துகொள்வாள். ஒருவனுக்கு மீன் வாசனையை வைத்தே கடலில் எந்தப் படகு எங்கே என்று தெரியும். ஒருத்தி என்ன சக்தி என்று சொல்லவே மாட்டாள். தலைவனுக்கு ஒரு சக்தியும் இல்லை, அது ராபினிடமிருந்து எடுத்தது. அவர்கள் குடியிருப்பது தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் செயின்ட் டேவிட் கோட்டையில். முதல் கதையில் பாண்டிச்சேரியில் ஏதோ ஆபத்து. இருபத்தி இரண்டு கிலோமீட்டர்தானே என்று பஸ் ஏறுகிறார்கள். ஐந்து பேரில் யாரிடமும் சில்லறை இல்லை. கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடுகிறார். அவர்கள் நடந்து போய்ச் சேருவதற்குள் ஆபத்து தானாகவே சரியாகிவிட்டது. திரும்பி வந்தால் மழையில் நனைந்ததற்கு அவரவர் அம்மாவிடம் திட்டு.

இதற்கு ஆன செலவு ஒரு நோட்டு, நான்கு பென்சில். மறைந்திருக்கும் செலவும் உண்டு: யார் வரைவது என்று அரை மணிக்கு ஒரு சண்டை வரும், அதைத் தீர்க்க நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த நோட்டில் இப்போது பதினான்கு கதை இருக்கிறது. நான்காவது கதையிலிருந்து கண்டக்டரும் குழுவில் சேர்ந்துவிட்டார்.